கீழ்ச் சுருள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் காந்தம் பன்னிரண்டாவது முறையாகப் படுத்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு ஆம்பியர் வரை மின்னோட்டம் ஒழுங்காகத்தான் ஏறி வந்தது. சுகிர்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அறுநூற்றுப் பதிமூன்று என்று காட்டிய மறுநொடி, எஃகுத் தொட்டிக்குள்ளிருந்து யாரோ கதவை உதைத்தது போல ஒரு சத்தம். குளிரூட்ட ஊற்றியிருந்த திரவ ஹீலியம் மொத்தமும் ஆவியாகிக் கூரைக் குழாய் வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறியது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்தத் தெருக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. ஷெட்டுக்கு மேலே வெள்ளைப் புகை கிளம்பினால் எதிர் டீக்கடையில், "மேடமோட காந்தம் பூட்ச்சுப்பா" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றுவார்கள்.

சுகிர்தா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அது விளிம்பிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு சிலிண்டர் ஹீலியம் மீதி இருந்தது. ஒருமுறை ஊற்றலாம், ஒருமுறை சோதிக்கலாம். அடுத்த லோடு எப்போது வரும் என்று சப்ளை செய்கிறவனுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. நிதி கொடுக்கிறவர்கள் அவர்கள். காந்தத்தின் பலம் ஐந்து டெஸ்லாவைத் தொட்டதா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். அது மூன்றரையைக்கூடத் தாண்டவில்லை.

சுகிர்தாவுக்கு வயது முப்பத்தொன்பது. அத்திப்பட்டுக்காரி. தாத்தா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அப்பா ஜெரால்ட், அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சாம்பல் அள்ளியவர். படித்துப் பட்டம் வாங்கி, வெளியூரில் மீக்கடத்திக் காந்தங்களில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, இந்தத் திட்டத்துக்காகவே ஊர் திரும்பியிருந்தாள். கரியை எரித்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியில் டர்பைனைச் சுற்றுவதுதானே வழக்கம்? அதற்கு முன்னாலேயே அந்த நெருப்புக் காற்றை ஒரு பலமான காந்தத்தின் நடுவே பாயவிட்டால், காற்றிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கலாம். சுற்றுகிற பாகம் ஒன்றுகூட வேண்டாம். அதே கரிக்குக் கூடுதல் கரண்ட், அதே கரண்டுக்குக் குறைவான சாம்பல். ஆனால் அந்தக் காந்தத்தைச் செம்புக் கம்பியில் சுற்றினால் விளைகிற கரண்டை அதுவே தின்று தீர்த்துவிடும். மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பது டிகிரியில் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிற மீக்கடத்திக் கம்பியில் சுற்றினால்தான் ஆகும்.

அப்படித்தான் சுற்றியிருந்தார்கள். குதிரைச் சேணம் போல வளைந்த இரண்டு சுருள்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் நெருப்பு போகிற பாதை. படம் வரைந்தது சுகிர்தா. சுற்றியது கங்கம்மாவும் அவளுக்குக் கீழே பதினோரு பெண்களும். நாலு வருட வேலை.

இந்த மாதிரிக் காந்தங்கள் முதல் சில தடவை படுப்பது சகஜம். கம்பி எங்கேயோ ஒரு மயிரிழை அசையும், அந்த உராய்வில் துளி சூடு கிளம்பும், அந்தச் சூட்டில் மீக்கடத்தும் குணம் அந்த இடத்தில் போய்விடும், பிறகு மொத்தமும் சரியும். அசைந்த கம்பி அசைந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். இவளுடைய காந்தம் மட்டும் பன்னிரண்டு முறையும் அறுநூற்றுப் பத்தை ஒட்டியே படுத்தது. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனால் அப்பா, "ஏறிச்சாம்மா?" என்பார். "இல்லப்பா" என்று சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் அவர் தூங்கப் போகும் வரை பொன்னேரி ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் முதலாளி தணிகாசலம் வந்தார். முப்பது வருடம் டிரான்ஸ்ஃபார்மர் செய்துகொண்டிருந்தவர். நல்ல மனிதர், கோபக்காரர். அதையெல்லாம் மூடிவிட்டு இதில் இறங்கியவர்.

"எங்க பூட்ச்சு? அதையாவது சொல்லு."

கம்பி நெடுகப் பொருத்தியிருந்த உணரிகளின் பதிவை சுகிர்தா காட்டினாள். "அதே எடம்தான் சார். மேல் சுருள், மூணாவது அடுக்கு, முப்பத்து நாலாவது சுத்து. முனையில வளையற எடம்."

தணிகாசலம் பீரோவைத் திறந்து சுற்று நோட்டை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. கங்கம்மாவின் கோணல் எழுத்து: "மேல் காயில் 3வது அடுக்கு 34வது சுத்து. புயல்ல கரண்ட் போச்சு. கம்பி லூஸ் ஆச்சு. திரும்ப இழுத்து டைட் பண்ணி சுத்தினேன்."

"பாத்தியா? அவளே எழுதிக்கிறா."

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சுகிர்தாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. என் தப்பு இல்லை. நாலு வருடமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போன மாதிரி இருந்தது. அந்த நிமிடத்தை நினைத்துத்தான் அவள் பிறகு நெடுநாள் வெட்கப்பட்டாள்.

"ரிப்போர்ட்ல இத எழுதிடு," என்றார் தணிகாசலம். "கைவேலைல தப்புன்னா டைம் குடுப்பாங்க. ஆறு மாசம் கெடச்சாப் போதும். பிரிச்சு, சரி பண்ணி, ஏத்திக் காட்டிடலாம்."

எழுதுவதற்கு ஒரு கணக்கு வேண்டும். கம்பி எவ்வளவு தளர்ந்திருந்தால் அறுநூற்றுப் பதிமூன்றில் அசையும்? அதைப் போட சுகிர்தா தன்னுடைய பழைய வடிவமைப்புக் கணக்கைத் திறந்தாள். சுருளின் முனைகள் விலகாமல் இருக்க, கண்ணாடி நார்ப் பலகைகளை அடுக்கித் தொண்ணூறு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு முட்டு கொடுத்திருந்தாள். குளிரில் எல்லாப் பொருளும் சுருங்கும். பலகை எவ்வளவு சுருங்கும், எஃகு எவ்வளவு சுருங்கும் என்று பார்த்து, இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டே இருக்கும்படி அளவு வைத்திருந்தாள்.

பலகைக்கு அட்டவணையில் இரண்டு வரிசைகள் உண்டு. நீளவாக்கில் சுருங்குவது ஒன்று, தடிமன்வாக்கில் சுருங்குவது ஒன்று. இரண்டாவது முதலாவதைப் போல மூன்று மடங்கு. அவள் கணக்கில் இருந்தது முதல் வரிசை. பலகை அடுக்கப்பட்டிருந்ததோ தடிமன்வாக்கில்.

அவள் திரும்பப் போட்டாள். மறுபடி போட்டாள். பிறகு காகிதத்தில் பேனாவால் போட்டாள். விடை மாறவில்லை. குளிர்ந்ததும் முட்டுக்கும் சுருளுக்கும் நடுவே மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் காந்தம் தன்னுடைய கம்பியையே லாரி லாரியாகப் பாரம் வைத்த மாதிரி வெளியே தள்ளுகிறது. பிடிக்க ஆளில்லாத கம்பி ஒவ்வொரு முறையும் நகர்கிறது, கரண்ட் நின்றதும் திரும்பி வருகிறது, அடுத்த முறை மறுபடி நகர்கிறது. ஆயிரம் முறை ஏற்றினாலும் அது உட்காராது.

கேண்டீன் பையன்கள் தட்டு கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் காகிதத்தை மடித்தாள். பைக்குள் வைத்தாள்.

புதன் காலை முதல் வேலையாகத் தணிகாசலத்தின் அறைக்குப் போய் அந்தக் காகிதத்தை அவர் முன் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். கணக்குப் புரிகிறவர்தான்.

"சந்தேகமே இல்லையா?"

"எனக்கு இல்ல சார். கங்கம்மாக்காவோட சுத்து காரணம் இல்ல. என்னோட முட்டுதான் காரணம்."

"கங்கம்மா நேத்து சாயங்காலமே கையெழுத்துப் போட்டுட்டா."

"எதுல?"

"என் கவனக்குறைவால நடந்ததுன்னு." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டிசைன்லயே தப்புன்னா ஃபைல மூடிட்டு பிளைட் ஏறிப் போய்க்கினே இருப்பாங்க சுகிர்தா. கைவேலைன்னாத்தான் டைம். அந்த ஆறு மாசத்துல நீயே உன் முட்ட மாத்திக்க. யாருக்கும் தெரிய வேணாம். கங்கம்மாவ நான் வேற எங்கயாச்சும் சேத்து உட்றேன்."

"கையெழுத்துப் போட்டவள எவன் சார் சேத்துப்பான்?"

அவர் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "நாப்பது குடும்பம் இதை நம்பி இருக்குது. நானும் இருக்கேன். ஒன்னக் கையெடுத்துக் கும்புட்றேன், வாய மூடிக்கினு இரு." அவர் உண்மையாகவே கைகூப்பினார். அவரைவிட இருபது வயது சின்னவளான சுகிர்தாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் போனாள். கங்கம்மா ஷேர் ஆட்டோவுக்கு அங்கேதான் நிற்பாள். லாரிகள் கல்கத்தா ரோட்டில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. கங்கம்மா பிஸ்கட் கடை ஓரமாகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தாறு வயது. இருபது வருடம் கம்பி இழுத்து இழுத்து வலது கட்டைவிரல் பட்டையாகிப் போயிருந்தது. ஒரே நாளில் பாதியாக இளைத்த மாதிரி இருந்தாள்.

"இன்னா மேடம், இங்க?"

"சும்மாதான்க்கா. கையெழுத்துப் போட்டீங்களாமே?"

"போட்டேன். நாந்தானே சுத்துனேன்." கங்கம்மா ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். "அன்னிக்கு லூஸ் ஆன கம்பிய அப்படியே வெட்டிப் போட்டுட்டுப் புதுசா சுத்திக்கணும் மேடம். விலை ஒசந்த கம்பியாச்சேன்னு பாத்தேன். என்னால உங்க நாலு வருசம் பூட்ச்சு. ஊட்ல போயி சோறு தின்னப் பிடிக்கல. எங்க நைனா கேக்குறாரு, இன்னாடி ஆச்சுன்னு. இன்னான்னு சொல்றது?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் சுகிர்தா வந்திருந்தாள். அக்கா, தப்பு உங்களோடது இல்லை. நாலே வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. கூப்பிய கைகள் கண்முன் வந்தன. ஆறு மாதம் என்ற வார்த்தை வந்தது. ஆறே மாதம் கிடைத்தால் காந்தம் ஏறும், அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியும். அதற்குப் பிறகு எல்லோரையும் சரிசெய்துவிடலாம்.

"சாப்டுங்கக்கா" என்றாள். "உடம்பக் கெடுத்துக்காதீங்க."

ஆட்டோ வந்தது. கங்கம்மா ஏறி உட்கார்ந்து, நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, "நீங்க நல்லவங்க மேடம். வேற யாரும்னா என்னக் கிழிச்சிருப்பாங்க" என்றாள். ஆட்டோ போய்விட்டது. சுகிர்தா அந்தக் கடை ஓரத்திலேயே, புழுதியில், ரயிலைத் தவறவிட்டுவிட்டு நின்றாள்.

வியாழக்கிழமை கடைசி ஹீலியத்தை ஊற்றினார்கள். மூன்று டெஸ்லா வரைக்கும் மட்டும் ஏற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிடலாம் என்பது தணிகாசலத்தின் திட்டம். சுகிர்தா தலையாட்டினாள். குழாயில் பனி படிவதைப் பார்த்துக்கொண்டே அவள் யோசித்தது வேறொன்று. கீழ்ச் சுருளுக்கென்று தனியாக ஒரு மின் இணைப்பு உண்டு. ஆரம்பத்தில் சோதனைக்காக வைத்தது. புயலன்று கீழ்ச் சுருளை யாரும் தொடவில்லை, அதில் லூஸ் ஆன சுற்று ஒன்றுகூட இல்லை. ஆனால் முட்டு அதிலும் அதே முட்டுதான். எப்போதும் மேல் சுருள் முந்திக்கொண்டு படுத்துவிடுவதால் கீழ்ச் சுருளுக்கு முறையே வந்ததில்லை. அதை மட்டும் தனியாக ஏற்றினால்? கம்பிதான் குற்றவாளி என்றால் அது முழு அளவான தொள்ளாயிரம் ஆம்பியர் வரை அசையாமல் போகும். முட்டுதான் என்றால், தனிச் சுருளில் தள்ளுகிற விசை குறைவு என்பதால் அறுநூற்றுப் பதிமூன்றைத் தாண்டினாலும், அவள் கணக்குப்படி, எழுநூறுக்குள் படுக்கும்.

இதையே செய்வது என்று அவள் அப்போது முடிவு செய்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இரவெல்லாம் தன் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று ஜெபம் செய்தாள். அப்படி ஜெபித்தால் கங்கம்மா குற்றவாளியாவாள் என்று நினைவு வந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் பேராசிரியர் சுப்பராயன், பூர்வீகம் ஊத்துக்கோட்டைப் பக்கம், நாற்பது வருடமாக டெல்லிவாசி. மெல்லப் பேசுகிறவர். தணிகாசலம் கங்கம்மாவையும் வரவழைத்துச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார். அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் படித்துக் காட்டினார். சுப்பராயன் தலையைத் திருப்பி, "இந்த அம்மாதானா?" என்று கேட்டார். கங்கம்மா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சார், நான்தான். தெரியாம நடந்துப்போச்சு" என்றாள். கையிரண்டும் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தன.

சுகிர்தா எழுந்தாள்.

"சார், இன்னிக்கு சோதனையக் கொஞ்சம் மாத்திக்கறேன். கீழ்ச் சுருள மட்டும் ஏத்தப்போறேன்."

"சுகிர்தா!" என்றார் தணிகாசலம்.

"திட்டத்தில் அப்படி இல்லையே?" என்றார் சுப்பராயன்.

"இல்ல சார். ஹீலியம் இதோட தீந்துது. மூணு டெஸ்லாவக் காட்டிட்டு எறக்கினா எங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதுல ஒண்ணு தெரிஞ்சிடும்." கங்கம்மாவைப் பார்க்காமலே சொன்னாள்: "கீழ்ச் சுருள்ல கம்பி எங்கயும் தளரல. அதுவும் முனையிலயே படுத்துச்சுன்னா தப்பு சுத்தினவங்களோடது இல்ல. என்னோடது."

தணிகாசலம் இரண்டடி எடுத்து வைத்தார். சுப்பராயன் கையை லேசாக உயர்த்தினார். "ஏற்றட்டும்."

முந்நூறு. நானூறு. ஐந்நூறு. கம்ப்ரசர் சத்தம் மட்டும். அறுநூற்றுப் பதிமூன்றைத் தாண்டியபோது தணிகாசலம் மூச்சை இழுத்தது கேட்டது. அறுநூற்று இருபது, நாற்பது, அறுபது. ஏறு, ஏறிப் போய்விடு என்று சுகிர்தாவின் ஒரு மனம் கத்தியது. வேண்டாம், இப்போதே படு என்று இன்னொன்று.

அறுநூற்று எண்பத்தொன்றில் படுத்தது.

கூரைக் குழாய் சீறி அடங்கியது. அவள் பதிவைத் திறந்து திரையைக் குழுவின் பக்கம் திருப்பினாள். கீழ்ச் சுருள், வளைகிற முனை. பிறகு பையிலிருந்து தன் காகிதத்தை எடுத்து, அட்டவணையில் எந்த வரிசையை எடுத்திருக்க வேண்டும், எதை எடுத்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் காகிதத்தை சுப்பராயன் முன் வைத்தாள்.

"எப்போது தெரியும் உங்களுக்கு?" என்று சுப்பராயன் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை சார்."

சுவரோரத்தில் கங்கம்மா நிமிர்ந்தாள். அவள் கண்களை சுகிர்தாவால் நேராகப் பார்க்க முடியவில்லை.

குழு போன பிறகு தணிகாசலம் திட்டவில்லை. கையெழுத்துக் காகிதத்தை நாலாகக் கிழித்துக் கங்கம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுகிர்தா கங்கம்மாவின் அருகே போனாள்.

"அக்கா..."

"புதுவாயல்ல நின்னீங்களே மேடம்." கங்கம்மாவின் குரல் மெல்லத்தான் வந்தது. "அன்னிக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே சாப்புடச் சொன்னீங்களா?"

கங்கம்மா கிழிந்த காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். இப்போது எதையும் சொல்லி அவளை நிறுத்த முடியாது என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. திட்டம் நிறுத்தப்படுகிறது. தொட்டியை வெட்டிப் பார்த்து, சுருள்களின் நிலையைப் படம் எடுத்து, இறுதி அறிக்கை அனுப்பவும். தணிகாசலம் அதை சுகிர்தாவின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவளிடம் அவர் பேசுவதை நிறுத்தியிருந்தார். சுற்றும் பெண்களில் ஆறு பேர் ஏற்கனவே நின்றுவிட்டார்கள். கங்கம்மாவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மோட்டார் கம்பெனியில் இடம் கிடைத்தது, முன்னைவிடக் குறைந்த சம்பளத்தில். மற்றவர்கள் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் செண்பகம் என்பவள் தெருவில் சுகிர்தாவைப் பார்த்தபோது, "உண்மைய சொன்னீங்க, சந்தோசம். நாங்க இன்னா தின்றது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வெளியூர் ஆய்வுக்கூடங்களுக்கு சுகிர்தா எழுதிய கடிதங்களுக்கு ஒரு வரி பதில் வரவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கங்கம்மாகிட்ட திரும்பப் போய்ப் பேசினியா?" என்று மட்டும் கேட்டார்.

பேசவில்லை. போன் செய்தாள். மூன்று நாள் எடுக்கவில்லை. நாலாம் நாள் எடுத்ததும், மன்னிப்பு கேட்க நினைத்திருந்ததை விட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை தொட்டிய வெட்றோம்க்கா. நீங்க சுத்தினது. நீங்க பாக்கணும்" என்றாள். கங்கம்மா போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் கங்கம்மா வந்தாள். தணிகாசலமும் தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெல்டர் மூடியை வெட்டி இறக்கினான். குளிர் விட்டிருந்ததால் இடைவெளி எதுவும் இல்லை. முட்டு சுருளைக் கவ்விக்கொண்டுதான் இருந்தது. பலகைகளை ஒவ்வொன்றாக உருவியபோது தெரிந்தது: இரண்டு சுருள்களின் முனையிலும் கம்பி தேய்ந்து பளபளவென்று ஒரு தடம். சுகிர்தா அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள். எடுக்கும்போது கண் கலங்கித் தடம் மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

கங்கம்மா அவளைத் தாண்டிப் போய்க் குனிந்தாள். மேல் சுருளில் எண்ணிக்கொண்டே வந்து முப்பத்து நாலாவது சுற்றைக் கண்டுபிடித்தாள். அந்தப் பட்டைக் கட்டைவிரலை அதன் மேல் வைத்து நெடுக இழுத்துப் பார்த்தாள். மேடும் இல்லை, மடிப்பும் இல்லை. பக்கத்துச் சுற்றோடு ஒட்டி ஒரே மட்டமாகப் படுத்திருந்தது.

"நல்லாத்தான் சுத்திக்கீறேன்" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள் நின்றாள். "அந்தக் கட்டைய எவ்ளோ தடியா வச்சிக்கணும் மேடம்?"

"இன்னும் அரை மில்லிமீட்டர்க்கா. அழுத்தி ஏத்தியிருக்கணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கங்கம்மா தெருவில் இறங்கி நடந்தாள். சுகிர்தா தரையில் உட்கார்ந்து, உருவிய பலகைகளுக்கு எண் எழுதி, அளவுகளைக் குறிக்கத் தொடங்கினாள்.